சுபாவம் சிறைச்சாலை அன்று



நம் வாலிபர் நடுவே ஒரு புதிய ஜாதகம் உலவுகிறது. கைப்பேசியில் சில கேள்விகளுக்குப் பதிலளித்தால் நான்கு எழுத்துக்கள் கிடைக்கும். அவற்றையே தாம் யார் என்பதற்கான முடிவான தீர்ப்பாக அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ராசியும் நட்சத்திரமும் வேண்டாமென்று விட்டுவந்த வீடுகளிலேயே, "அவளுடைய டைப்பும் என் டைப்பும் பொருந்தாது" என்ற பேச்சு கேட்கிறது. "நான் இன்ட்ரோவர்ட்" என்று சொல்லித் துக்கவீட்டிற்குப் போகாதிருப்போரும் உண்டு. இது தன்னை அறிதல் அன்று, சாக்குத் தேடுதல்.

இந்த எழுத்துக்கள் எங்கிருந்து வந்தன? சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921இல் மனித வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் பின்பற்றி, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். வெளிமுகமா உள்முகமா, புலனறிவா உள்ளுணர்வா, சிந்தனையா உணர்ச்சியா, திட்டமா நெகிழ்வா என்று நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் 16 வகை.

பிழை அந்த வெட்டில்தான் இருக்கிறது. நம் வட்டாரத்தில் கரிசலும் உண்டு, செவ்வலும் உண்டு. இரண்டும் கலந்த நிலமும் உண்டு. அந்தக் கலப்பு நிலத்தின் நடுவே கயிறு கட்டி, இப்புறம் கரிசல், அப்புறம் செவ்வல் என்றால் விவசாயி நகைப்பார். மனிதரிலும் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள். ஆகவேதான் சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை எழுதுவோரில் பலருக்கு வேறு வகை கிடைக்கிறது. இன்றைய ஆய்வாளர்களும் பெரும்பாலும் மனிதரைப் பெட்டிகளில் அடைப்பதில்லை. குணங்களைக் கூடுதல் குறைவு என்றே அளக்கிறார்கள்.

"கணவன் மனைவி ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இது உதவாதா?" என்று கேட்பீர்கள். உதவலாம். சுபாவங்கள் வேறுபடுவது மெய். ஒரே சரீரத்தில் பல அவயவங்கள் என்று பவுல் போதித்ததும் அதையே. ஆனால் காது கேட்பதற்காகத் தரப்பட்டதேயன்றி, சரீரத்தை விட்டு விலகி நிற்பதற்காக அன்று.

வேதத்து மனிதர் எந்தப் பெட்டிக்கும் அடங்குவதில்லை. மார்த்தாளை வேலைக்காரி என்றும் மரியாளைத் தியானிப்பவள் என்றும் பிரித்துப் பிரசங்கிக்கிறோம். யோவான் 11ஐ வாசியுங்கள்: மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்க, ஆண்டவரை எதிர்கொண்டுபோய், அவரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் மார்த்தாள். துணிச்சலுக்குப் பேர்போன பேதுரு ஒரு வேலைக்காரியின் முன் நடுங்கினான். தான் திக்குவாயன் என்று மோசே முறையிட்டபோது தேவன் ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். அழைப்பையோ திரும்பப் பெறவில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. ராக்லாந்து ஐயர் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர், சென்னையில் சி.எம்.எஸ். சங்கச் செயலராகக் கணக்கும் கடிதமும் பார்த்தவர்; சரீர பலமும் குறைந்தவர். எந்த வினாத்தாளும் அவரை மேசையருகே உட்கார வைத்திருக்கும். அவரோ 1854 முதல் வட திருநெல்வேலியின் கிராமங்களில் கூடாரமடித்து, ஊர் ஊராய் நற்செய்தி சொல்லி, 1858இல் சிவகாசியில் மரித்தார்.

ஆகவே வாலிபரே, உங்கள் சுபாவத்தை அறியுங்கள், அதை வணங்காதிருங்கள். கோபக்காரனுக்கு நீடியபொறுமையும், கூச்சமுள்ளவனுக்கு அன்பும், ஒழுங்கற்றவனுக்கு இச்சையடக்கமும் விதிவிலக்கன்று. கலாத்தியர் 5 சொல்லும் ஆவியின் கனி ஒன்பது பண்புகளுள்ள ஒரே கனி. அதில் நம் டைப்புக்கு ஏற்றதைத் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. இந்த வாரம் கைப்பேசியிடம் கேளாமல், உங்களோடு ஒரே வீட்டில் வாழ்பவரிடம் கேளுங்கள்: "இந்த ஒன்பதில் என்னிடம் நீ காணாதது எது?" அந்தப் பதில் நான்கு எழுத்துக்களைவிடக் கசக்கும், ஆனால் ஜெபிக்கக் கற்றுத்தரும்.

நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.