இரட்டையர் ஆட்டம் மிஞ்சியவர்களுக்கு உரியதல்ல

“தனியே விளையாட ஏலாதவன்தான் டபுள்ஸுக்குப் போவான்.” சீனன்குடாவிலும் திருகோணமலை நகரிலும் பட்மிண்டன் விளையாடும் பிள்ளைகள் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பெரியவர்களைப் பார்த்தே இதைக் கற்றிருக்கிறார்கள். பாடசாலை அணி தெரிவாகும் நாளில் கெட்டிக்காரர்களை ஒற்றையர் ஆட்டத்துக்கு எடுத்துவிட்டு, மிஞ்சியவர்களைச் சோடி சேர்ப்பதே பல இடங்களில் வழக்கம். பெற்றோரும் அதையே தரவரிசையாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. அதைவிட, எங்கள் பிள்ளைகளுக்குக் கேடானது.

1971ஆம் ஆண்டின் அகில இங்கிலாந்துப் போட்டியை எடுத்துக்கொள்வோம். உலக சம்பியன்ஷிப் தொடங்கியிராத அந்தக் காலத்தில் பட்மிண்டனின் மிகப் பெரிய பட்டம் அதுதான். இந்தோனேசியாவின் ரூடி ஹார்ட்டோனோ 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு முறை அங்கே ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1971இலும் அவரே ஒற்றையர் சம்பியன். அதே ஆண்டு இந்திரா குணவானைச் சேர்த்துக்கொண்டு இரட்டையர் இறுதியாட்டத்திலும் இறங்கினார், தோற்றார். வென்றவர்கள் மலேசியாவின் இங் பூன் பீயும் பஞ்ச் குணாளன் என்ற மலேசியத் தமிழரும். ஒற்றையரில் வல்லவன் விரும்பினால் இரட்டையரையும் வென்றுவிடுவான் என்பது உண்மையானால், அன்று ஹார்ட்டோனோ வென்றிருக்க வேண்டும்.

குணாளன் தனியே விளையாட ஏலாதவரா? 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கம் வென்றவர் அவர். 1974இல் கிறைஸ்ட்சேர்ச்சில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே. அதே ஆண்டு அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஹார்ட்டோனோவை எதிர்த்து நின்றவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இரட்டையரை இரண்டாந்தரமாக நினைக்கவில்லை. 1970இல் எடின்பரோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் பூன் பீயுடன் இரட்டையர் தங்கம் வென்றார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் பட்மிண்டன் காட்சிப் போட்டியாக நடந்தபோது இருவரும் இறுதியாட்டம்வரை போனார்கள். ஓய்வுபெற்ற பின்னர் அனைத்துலகக் கூட்டமைப்பின் உயர் பொறுப்பிலும் குணாளன் இருந்தார். 2012இல் அவர் மறைந்தார்.

ஒற்றையரில் ஒருவரே முழுக் களத்தையும் காக்க வேண்டும், ஆகவே அதுதான் கடினம் என்று வாதிடுவார்கள். ஓட்டம் அதில் கூடுதல் என்பது சரி. ஆனால் ஓட்டம் மட்டுமா ஆட்டம்? ஒற்றையர் களத்தின் அகலம் 17 அடி. இரட்டையரில் 20 அடி. அதேவேளை இரட்டையரில் சேர்விஸ் விழ வேண்டிய பின்னெல்லை இரண்டரை அடி உள்ளே வந்துவிடுகிறது. உயர்த்திப் பின்னால் போட்டால் எதிராளி பாய்ந்து அடித்துவிடுவார். வலையை உரசுவதுபோலத் தாழ்வாகத்தான் போட வேண்டும். கை சற்று நடுங்கினாலும் புள்ளி போய்விடும். தாக்கும்போது ஒருவர் முன்னும் மற்றவர் பின்னும் நிற்க வேண்டும். தடுக்கும்போது இருவரும் பக்கத்துப் பக்கமாக விரிய வேண்டும். ஷட்டில் பறந்துகொண்டிருக்கும்போதே, பேசிக்கொள்ளாமல், இந்த இடமாற்றம் நடந்தாக வேண்டும். இது தனிக் கல்வி. ஆண்டுக்கணக்காக ஒருவரோடு ஒருவர் விளையாடினால்தான் வரும்.

வேகத்தைப் பற்றிப் பேசுவோரும் உண்டு. 2023இல் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் அடித்து கின்னஸ் சாதனை படைத்தவர் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, ஓர் இரட்டையர் வீரர். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் சிராக் ஷெட்டியுடன் அவர் வென்றதே பட்மிண்டனில் இந்தியா பெற்ற முதல் ஆசியத் தங்கம். மலேசியா எந்த விளையாட்டிலும் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம், 1992இல் பார்சிலோனாவில் ராசிஃப், ஜலானி சிடேக் சகோதரர்கள் இரட்டையரில் வென்ற வெண்கலம். ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தோமஸ் கிண்ணத்தில், ஒவ்வொரு மோதலின் ஐந்து ஆட்டங்களில் இரண்டு இரட்டையர். அந்த இரண்டையும் மிஞ்சியவர்களிடம் ஒப்படைக்கும் நாடு மூன்று ஒற்றையரையும் வென்றே ஆக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு என்ன? ஜ்வாலா குட்டாவைத் தமிழ்நாட்டில் பலர் நடிகர் விஷ்ணு விஷாலின் மனைவியாகவே அறிவார்கள். 1983இல் பிரகாஷ் படுகோன் வென்ற வெண்கலத்துக்குப் பிறகு 28 ஆண்டுகள் இந்தியாவுக்கு உலக சம்பியன்ஷிப் பதக்கம் கிடைக்கவில்லை. 2011இல் லண்டனில் அந்த வறட்சியை முடித்தவர்கள் ஜ்வாலாவும் அஸ்வினி பொன்னப்பாவும், பெண்கள் இரட்டையரில். பணமும் பயிற்றுநரும் ஒற்றையருக்கே போகின்றன என்று விளையாடிய காலம் முழுவதும் ஜ்வாலா வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அவரைச் சண்டைக்காரி என்றார்களே தவிர, அவர் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. எங்கள் நாட்டிலும் இதே கதைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி டாகோவை வீழ்த்திய நிலூக்க கருணாரத்னவை எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் இலங்கையின் இரட்டையர் சோடி ஒன்றின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

சீனன்குடாவில் மாலையில் விளக்குப் போட்டு விளையாடும் இடங்களைப் பாருங்கள். களம் ஒன்று, காத்திருப்பவர் பலர். ஆகவே நாலு பேராகத்தான் இறங்குகிறார்கள். கச்சான் காற்று ஓய்ந்த பொழுதெல்லாம் எங்கள் பிள்ளைகள் விளையாடுவது இரட்டையர்தான். அன்றாடம் பழகும் ஆட்டத்தை இழிவென்றும், எப்போதாவது விளையாடும் ஆட்டத்தை உயர்வென்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, கையிலிருக்கும் திறமையை நாமே கெடுக்கிறோம்.

பயிற்றுநர்களே, அடுத்த தெரிவு நாளில் இரட்டையர் சோடியை முதலில் தெரிவுசெய்யுங்கள். தெரிவுசெய்த சோடியை ஒரு தோல்விக்காகப் பிரிக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்தே வையுங்கள். எங்கள் ஊர்களில் ஓய்ந்திருக்கும் இரட்டையர் ஆட்டக்காரர்களைக் களத்துக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் இரட்டையர் அணியில் தெரிவானாள் என்றால் ஒற்றையரில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அவள் சோடி யார் என்று கேளுங்கள். இருவரையும் சேர்த்துப் பாராட்டுங்கள்.