கண்ணுக்கு வராத வானசாஸ்திரம்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழ்கின்ற மக்கள், கடலையடுத்து மணலும் தென்னையுமாய் நீண்டு கிடக்கும் கிழக்குப் பகுதியை எழுவான்கரை என்றும், வயலும் காடும் குளமுமாய் உள்வாங்கிக் கிடக்கும் மேற்குப் பகுதியைப் படுவான்கரை என்றும் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றனர். வாவியைத் தோணியிற் கடக்கும் ஒருவன், சூரியன் எழும் பக்கத்தை விட்டு அது படும் பக்கத்துக்குப் போகிறான் என்பதே அப்பெயர்களின் பொருள். ஒரு நாட்டார் தமது விலாசத்தையே சூரியனைக் கொண்டு எழுதி வைத்திருப்பது உலகில் எங்கும் காணக்கூடிய வழக்கமன்று.

இத்தகைய நாட்டிற் பிறந்த பிள்ளை ஒன்றிடம், சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்திலிருந்தா உதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கிழக்கில் உதிக்கிறது என்ற விடை, பாடப் புத்தகத்திலிருந்து தட்டாமல் வந்து விழும். ஆனால், கல்லடிக் கடற்கரையில் ஆனியில் ஒரு விடியலும் மார்கழியில் ஒரு விடியலும் நின்று பார்த்தவன், அவ்விரு உதயங்களுக்கும் இடையே ஏறக்குறைய 47 பாகை, அதாவது அடிவான வட்டத்தில் எட்டிலொரு பங்கு, கிடப்பதைக் கண்டிருப்பான். அப்படிப் பார்த்த பிள்ளைகளை நான் அதிகம் சந்தித்ததில்லை. பிள்ளைகளை ஏன் சொல்வான், பார்த்த ஆசிரியர்களையும் அதிகம் சந்தித்ததில்லை.

நம்மவர்க்கு வானசாஸ்திரம் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை என்பதே நான் சொல்ல வந்தது. ஏழரைச் சனி என்று சொல்லாத வீடு இப்பிரதேசத்தில் உண்டா? சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு எடுக்கிறது. ஆகவே பன்னிரண்டு இராசிகளுள் ஒன்றைக் கடக்க இரண்டரை ஆண்டு, மூன்றைக் கடக்க ஏழரை ஆண்டு. பீடையைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, ஒரு கோளின் சஞ்சார காலத்தையே நாம் நாள்தோறும் உச்சரித்து வருகிறோம். வியாழன் ஒரு சுற்றை முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைய ஆகும். வருடத்துக்கொரு குருப்பெயர்ச்சி வருவது அதனால். வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்கின்ற காலமே பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது வருடமாம். இவ்வளவையும் வாயிலே வைத்திருக்கிற ஒருவர், அதோ அந்தக் கோளங்களுள் சனி எது என்று கேட்டால், சோதிடரின் முகவரியைத் தருகிறார்.

கலியாண வீட்டில் இது வேடிக்கையின் உச்சிக்கே போய்விடும். நண்பகல் முகூர்த்தத்தில், பந்தலுக்கு வெளியே மணமக்களை அழைத்து வந்து, ஐயர் அருந்ததியைக் காட்டுகிறார். கண் கூசும் வெயிலில் மணப்பெண் அண்ணாந்து பார்த்துக் கண்டேன் என்கிறாள். நானும் கண்டேன் என்று சொன்னவன்தான். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டனை ஒட்டி மங்கலாக நிற்கும் அந்த மீனை, மே மாதத்து முன்னிரவில் வடவானில் மெய்யாகவே காணலாம் என்பதை அறிந்தபோது எனக்கு மணமாகிப் பதினோராண்டு கடந்திருந்தது.

பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. கோயிலில் கிரகங்கள் ஒன்பது. பாடசாலையில் கோள்கள் எட்டு. கோயிற் கணக்கில் சூரியனும் சந்திரனும் உள, பூமி இல்லை. பாடசாலைக் கணக்கில் பூமி உண்டு, அவ்விரண்டும் இல்லை. பூமியில் நின்றுகொண்டு, நட்சத்திரங்களுக்கு ஊடே அலைவன யாவை என்று எண்ணியவர் எழுதியது முதலாவது. சூரியனருகே நிற்பதாகப் பாவனை செய்துகொண்டு, அதனைச் சுற்றுவன யாவை என்று எண்ணியவர் எழுதியது இரண்டாவது. இராகுவும் கேதுவுங்கூட வெறும் பாம்புகளல்ல. ஏறக்குறைய ஐந்து பாகை சரிந்திருக்கும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகின்ற இரண்டு புள்ளிகள் அவை, அப்புள்ளிகளின் அண்மையிலன்றிக் கிரகணம் நிகழாது. இதனை ஓர் ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் எடுத்துச் சொல்லாதுவிட்டால், பிள்ளை இரண்டு பட்டியலையும் இரண்டு பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிடும். ஒன்றைத் திறக்கும்போது மற்றதைத் திறக்காது.

கிரகணம் என்றதும் 2019 டிசெம்பர் 26ஆந் திகதி நினைவுக்கு வருகிறது. அன்று காலை கங்கணச் சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தழுவிச் சென்றது. நமக்கு வாய்த்தது பெரும்பங்கு மறைந்த பிறைச் சூரியன். ஒன்பதரை மணியளவில் மேகம் விலகிய சில நிமிடங்களில், வளவிலே நின்ற வேப்பமரத்தின் கீழ், இலைகளினூடே விழுந்த ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் பிறை வடிவாகி, மணல் முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகள் அசைந்துகொண்டிருந்தன. இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைப் படப்பெட்டியாகிச் சூரியனின் பிம்பத்தை நிலத்தில் வரைந்திருந்தது. மேலே பார்க்க வேண்டியதில்லை, கண்ணுக்குத் தீங்குமில்லை. "பீடை பிடிக்கும் மகன், உள்ளுக்கு வா" என்று பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி பேரனை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பையன் சன்னற் சீலையை விலக்கி என் வளவு மணலைப் பார்த்தபடி நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

பழையவர்களிடம் கணிதம் இல்லாமற் போகவில்லை. அதனைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். புதுச்சேரியில், ஜோன் வாரன் என்ற ஐரோப்பியரின் முன்னிலையில், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லிக்கொண்டு, 1825 மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பின்னாளில் ஒட்டோ நொய்கபவர் என்ற வரலாற்றறிஞர் ஒத்துப் பார்த்தபோது, கிரகணத் தொடக்கத்தில் நான்கு நிமிடமும், மத்தியில் இருபத்துமூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமுமே பிழைத்திருந்தன. ஏடும் எழுத்தாணியும் இன்றி இதனைச் செய்த மேதைக்குத் தலைவணங்க வேண்டும். ஆயினும், ஐம்பத்திரண்டு நிமிடத்தை அண்ணாந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழக்கம் அம்மரபில் அருகிப் போயிருந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஆண்டுதோறும் சித்திரைப் பிறப்புக்கு நாம் இரண்டு நேரங்களை வைத்துக்கொண்டு வாதிடுகிறோம். வாதிடுவோரில் எத்தனை பேர் வானத்தைச் சாட்சிக்கு அழைத்தனர்?

சரி, எங்கே தொடங்குவது? வெள்ளியிலிருந்து தொடங்கலாம். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள்தான். அதனை விடியலிற் கண்டவருண்டு, அந்தியிற் கண்டவருண்டு, நடுநிசியிற் கண்டவர் இந்நாட்டில் எவருமில்லை. சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் அது ஒருபோதும் விலகுவதில்லை. ஏனெனில், அதன் பாதை நமது பாதைக்கு உள்ளே கிடக்கிறது. செட்டி ஒருவன் நள்ளிரவிற் பளிச்சென்று நின்ற ஒன்றை விடிவெள்ளி என்று மயங்கி, பொதியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுக் கள்வர் கையிற் சிக்கினான் என்று பழங்கதை ஒன்றுண்டு. அவனைக் கெடுத்தது வியாழன் என்பார்கள். நமக்கு வெளியே சுற்றும் வியாழன் நள்ளிரவில் உச்சியில் நிற்கவல்லது. ஞாயிற்றுத் தொகுதியில் எது உள்ளே, எது வெளியே என்ற பாடம் முழுவதும் அந்தச் செட்டியின் பொதிக்குள் இருக்கிறது.

அடுத்து, நாம் நிற்கின்ற இடத்தை அறிய வேண்டும். பிறநாட்டு நூல்களைப் பார்த்து எழுதப்பட்ட புத்தகங்கள் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி என்று தொடங்குகின்றன. மட்டக்களப்பு வட அகலக்கோடு 7 பாகை 43 கலையில் இருப்பதால், துருவன் இங்கே அடிவானத்துக்கு எட்டுப் பாகைக்கும் குறைவான உயரத்தில், கையை நீட்டிப் பிடித்த முட்டியளவுகூட இன்றி, தென்னந்தோப்புக்குள் மறைந்து கிடக்கிறான். தேடிச் சலித்த பிள்ளை வானத்தையே கைவிட்டுவிடும். மாறாக, மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கி நிற்பவனுக்கு, தென்சிலுவை இருபது பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். அதன் கிழக்கே இரண்டு பெரிய மீன்கள், அவற்றுள் ஒளி மிக்கது ஆல்ஃபா சென்ரோரி. இலண்டனிற் பிறந்தவன் தன் ஊரில் நின்று அதனை ஆயுள் முழுவதும் காணமாட்டான்.

அந்த மீனின் தூரத்தைக் கல்லடியில் வைத்தே அளந்து காட்டலாம். ஒரு பாடசாலையின் மதிற்சுவரில் ஞாயிற்றுத் தொகுதியை அழகாகத் தீட்டியிருந்தார்கள். 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிய புளூட்டோ இன்னும் ஒன்பதாவதாக அங்கே இருந்தது. அது சிறு பிழை. கோள்களையெல்லாம் மாலையிற் கோத்த மணிகள் போல நெருக்கி வரைந்திருந்ததே பெரும் பிழை. பத்து இலட்சம் கிலோமீற்றரை ஒரு மீற்றராகச் சுருக்குவோம். சூரியன் ஐந்தாந் தரத்துப் பிள்ளையின் உயரமுள்ள ஓர் உருண்டை. அதனைக் கல்லடிப் பாலத்தின் நகரப்பக்க முனையில் வைப்போம். புவி, பாலத்தின் நடுப்பாங்கில், 150 மீற்றரில், ஒரு சிறு போளை. பௌர்ணமி இரவில் பாடுமீனைக் கேட்கத் தோணி கட்டும் நீருக்கு மேலே அது நிற்கும். சந்திரன் அதிலிருந்து முழத்துக்குச் சற்றுக் குறைய ஒரு மிளகு. செவ்வாய்க்கு நிறத்தாலும் அளவாலும் பொருந்தும் மஞ்சாடி விதை, 228 மீற்றரில். வியாழன் உரித்த பெருந்தேங்காய், முக்காற் கிலோமீற்றருக்கு அப்பால் கல்லடிக்குள்ளே. சனி ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய. யுரேனசும் நெப்டியூனும் இரண்டு எலுமிச்சங்காய்கள். முன்னையது மூன்று கிலோமீற்றர் அளவில், பின்னையது நான்கரைக் கிலோமீற்றரில், காத்தான்குடியின் பேரீச்ச மரங்களை நாம் நெருங்கும் வேளையில். இவற்றுக்கிடையே எல்லாம் வெளி. அடுத்த நட்சத்திரமாகிய, ஆல்ஃபா சென்ரோரியின் மங்கலான துணையை அடைய வேண்டுமானால், இதே கணக்கில் 40,000 கிலோமீற்றர் நடக்க வேண்டும்; அதாவது, உலகத்தை ஒருமுறை சுற்றிக் கல்லடிப் பாலத்துக்கே திரும்பி வரவேண்டும்.

காரைதீவிற் பிறந்து, விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கி, இசைநரம்புகளைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் நிறுத்தி யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகளின் மண் இது. அவருக்குச் சிலை வைத்தாயிற்று, விழா எடுத்தாயிற்று. அவர் பெயரால் வருடத்துக்கொரு நாள் ஒரு கம்பு நடலாமே என்பது என் யோசனை.

கம்பு நடுவதற்கு நாளும் இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறையும், தெற்கே திரும்பும்போது ஒருமுறையும் மட்டக்களப்பின் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. ஏப்ரல் 9 அளவிலும், செப்டெம்பர் 2 அளவிலும். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் இதனை அறிவிக்கிறது. நாம் அதனை வெப்பச் செய்தியாக வாசித்துவிட்டு விசிறியைத் தேடுகிறோம். அன்று உச்சிப்பொழுதில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இராது. அதே நாளில், அவ்விடத்து உச்சிப்பொழுதில், யாழ்ப்பாணத்தில் நட்ட ஒரு மீற்றர்க் கம்புக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர் அளவு நிழல் விழும். அந்நிழல் காட்டும் கோணம் இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஊர்களுக்கும் இடையே தென்வடலாகத் தேசப்படத்தில் அளந்தால் ஏறக்குறைய 217 கிலோமீற்றர். இவ்விரண்டையும் கொண்டு முந்நூற்றறுபது பாகைக்குக் கணக்கிட்டால் வருவது உலகத்தின் சுற்றளவு. எகிப்தில் எரதோஸ்தனீஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதுவே. இங்கே ஒரு பாடசாலையும் அங்கே ஒரு பாடசாலையும் தொலைபேசியிற் பேசிக்கொண்டு ஒரு மதியத்தில் இதனைச் செய்து முடிக்கலாம். செலவு இரண்டு கம்பும், ஒரு நூற்குண்டும், ஓர் அடிமட்டமும்.

ஏப்ரல் நாள் பெரும்பாலும் புத்தாண்டு அவசரத்தில் அடிபட்டுப் போகிறது என்பர் ஆசிரியர்கள், உண்மைதான். செப்டெம்பர் 2க்கு அந்தச் சாட்டு இல்லை. மழைக்காலம் அப்போது தொடங்கியிராது, வானமும் பெரும்பாலும் வெளித்திருக்கும். முற்றத்தின் நடுவே, மரநிழல் படாத இடத்தில், நூற்குண்டு பிடித்துக் கம்பை நேராக நடுங்கள். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்துங்கள். நேரம் பன்னிரண்டு மணி மூன்று நிமிடம்.