பணிமனையிலும் கணக்குக் கேட்போம்

கார் கடன் வழங்கும்போது மாதத் தவணையைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தருகிறோம். பிரேக் மாற்றும் செலவு பற்றி எவரும் வினவுவதில்லை. பிரேக் பேட் தேயும் பொருள். தேய்மானத்துக்கு வாகனக் காப்பீடு இழப்பீடு தருவதில்லை. அச்செலவு நம் கையிருப்பிலிருந்தே வரவேண்டும்.

செலவைவிட ஐயமே நம்மை வாட்டுகிறது. பேட்டுடன் டிஸ்க்கையும் மாற்றவேண்டும் என்றால் தொகை வெகுவாக உயரும். டிஸ்க்கின் தடிமனுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. அளந்து காட்டுமாறு கேட்பதில் தவறில்லை.

வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர் என்று வாடிக்கையாளர்களிடம் வலியுறுத்தும் நாமே, பணிமனையில் "பார்த்துச் செய்யுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் வெற்றுப் படிவமே. எழுத்து வடிவில் மதிப்பீடு, உதிரிபாகத்தையும் கூலியையும் தனித்தனியே காட்டும் ரசீது, கழற்றிய பழைய பேட் ஆகிய மூன்றையும் கேட்போம். தயங்காது தருபவரிடமே மறுமுறையும் செல்வோம்.

ஏமாற்றத்துக்கு அஞ்சிப் பழுதைத் தள்ளிப்போடுவது சிக்கனமன்று. முற்றிலும் தேய்ந்த பேட்டின் உலோகத் தகடு டிஸ்க்கை உராய்ந்து கெடுக்கும். சிறு செலவு பெருஞ்செலவாகும். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமற்போனால், அவ்விழப்பை எந்த வைப்புத்தொகையும் ஈடுசெய்யாது. தவணையோடு பராமரிப்புக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்ப்போம்.