அதிகாரி வரும் நாள்

தீயணைப்பு அதிகாரி நாளை சோதனைக்கு வருகிறார் என்றால், நம் கடைவீதியில் ஒரே சுறுசுறுப்புத்தான். மாடிப்படியில் கிடந்த மூட்டைகள் மறைகின்றன. பின்கதவின் பூட்டு கழல்கிறது. தீயணைப்புக் கருவியின் மீதிருந்த தூசி போகிறது. அதிகாரி விடைபெற்றுச் சென்றதும் மூட்டைகள் பழையபடி படியேறி விடுகின்றன!

1997-ஆம் வருஷம் ஜூன் 13-ந் தேதி டில்லி உபஹார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் மாண்டனர். கீழ்த்தளத்து மின்மாற்றியில் மூண்ட தீயின் புகை பால்கனியை நிறைத்தது. அங்கே வெளியேறும் வழியொன்றை, அதிகப்படியாகப் போட்ட நாற்காலிகள் அடைத்திருந்தன. பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகையே.

ஆகவே நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். தூள் அடைத்த கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, வெளிக்கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கிறதா, ஒரே பிளக்குத் துளையில் பல கம்பிகளைச் செருகியிருக்கிறோமா என்று மாதம் ஒரு முறை நாமே பார்த்துக்கொள்வோம். வழியில் கிடக்கும் சாமான்களை அப்புறப்படுத்துவோம். மீண்டும் அங்கே வைக்காதிருப்போம். அதிகாரி தேதி குறிப்பிட்டு வருவதுண்டு. அக்கினி தேவன் கடிதம் எழுதிவிட்டு வருவதில்லை.