மெட்டல் டிடெக்டர்: பழைய மாடலா, புது மாடலா? முதல்ல எந்த மண்ணுன்னு சொல்லுங்க

இங்கிலாந்துல ஒருத்தர் வயல்ல டிடெக்டரை அசைச்சுக்கிட்டே நடக்கிறார், "பீப்"னு ஒரு சத்தம், தோண்டினா ரோமானியக் காசு. இந்த மாதிரி வீடியோ பார்த்துட்டு, சம்பளம் வந்ததும் இஎம்ஐ-ல ஒண்ணு வாங்கிடலாமான்னு யோசிக்கிறீங்களா? அடுத்த கேள்வி பழைய மாடல் போதுமா, புதுசுதான் வேணுமாங்கிறதா இருக்கும். என் கருத்து: முதல் தடவை வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பழசு போதும். புதுசுக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்குத் தெரிஞ்ச வலுவான காரணம் ஒண்ணுதான். அது கடற்கரையோட ஈர மணல்.

கேரட் ஏஸ் 250-ஐ எடுத்துக்கோங்க. பழைய குதிரை. 6.5 கிலோஹெர்ட்ஸ், ஒரே ஃப்ரீக்வென்சி, நாலு ஏஏ பேட்டரி. உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும்ங்கிறதால, இந்த மாதிரி மெஷினுக்கு ஈர மணலே உலோகம் மாதிரி தெரியும், சும்மா சும்மா கத்தும். 2018-ல வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சியில வேலை செய்யும். எல்லாத்துலயும் வர்ற பதிலை ஒப்பிட்டு உப்போட சத்தத்தைக் கழிச்சிடும். இது நிஜமான முன்னேற்றம், காசு கொடுக்கலாம். ஆனா புதுசுன்னாலே இந்த வசதி இருக்கும்னு நினைக்காதீங்க. அதுக்கு அடுத்த வருஷம் வந்த நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 3 மீட்டர் தண்ணிக்குள்ள தாங்கும், ஆனா 12 கிலோஹெர்ட்ஸ்ல ஒரே ஃப்ரீக்வென்சிதான்.

"இன்னும் ஆழமா பார்க்கும்"னு சொன்னா மட்டும் பர்ஸை எடுக்காதீங்க. காசு மாதிரி சின்னப் பொருளுக்கு, ஆழம் 2 மடங்கானா திரும்பி வர்ற சிக்னல் ஏறக்குறைய 64-ல 1 பங்கா குறைஞ்சிடும். மாடல் மாத்தினா அதிகபட்சம் சில சென்டிமீட்டர் கூடும். அவ்வளவுதான்.

2009-ல டெர்ரி ஹெர்பர்ட்ங்கிறவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயல்ல ஆங்கிலோ சாக்ஸன் தங்கப் புதையலைக் கண்டுபிடிச்சார். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. அவர் கையில இருந்தது இரண்டரை பவுண்டுக்கு வாங்கின பழைய டிடெக்டர்! 1992-ல எரிக் லாஸ்ங்கிறவர் விவசாயி ஒருத்தர் தொலைச்ச சுத்தியலைத் தேடப் போய் ஹாக்ஸ்ன் புதையலையே எடுத்தார். ரெண்டு பேருக்கும் கிடைச்சதுக்குக் காரணம் அந்த மண்ணுல அது இருந்தது. இதைக் கேட்டுட்டு டிடெக்டரை முதலீடா நினைக்கிறவங்க, மல்டிபேக்கர் ஷேர் கதையை மட்டும் கேட்டுட்டு டீமேட் திறக்கிறவங்க மாதிரிதான். வருஷக்கணக்கா சோடா மூடி மட்டுமே எடுத்தவங்களை யாரும் வீடியோ எடுக்கிறதில்ல.

சட்டமும் வேற. இங்கிலாந்துல 1996 புதையல் சட்டப்படி அருங்காட்சியகம் வாங்கினா, கண்டுபிடிச்சவருக்கும் நிலத்துக்காரருக்கும் பரிசுத்தொகை வரும். நம்ம ஊர்ல 1878-ம் வருஷச் சட்டம். மண்ணுல மறைஞ்சு கிடந்தது 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா (ஆமா, பத்து ரூபாய்தான்) கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. பழைய கோயில், கோட்டைப் பக்கமெல்லாம் மெஷினோட போற எண்ணமே வேண்டாம். அதனால பட்ஜெட்ல இதை "பொழுதுபோக்கு" கணக்குல எழுதுங்க.

அந்தக் கணக்கையும் போட்டுடலாம். மாசம் 2 ஞாயிறு, ஒவ்வொண்ணும் 4 மணி நேரம்னா வருஷத்துக்கு 96 மணி நேரம். உதாரணத்துக்கு 48,000 ரூபாய் மெஷின்னா முதல் வருஷம் மணிக்கு 500 ரூபாய். 9,600 ரூபாய்க்குப் பழசு கிடைச்சா மணிக்கு 100. ஆர்வம் மூணே மாசத்துல போயிடுச்சுன்னா ரெண்டுமே நாலு மடங்கு. அப்போ எது கம்மியா வலிக்கும்னு நீங்களே பாருங்க.

பழசு வாங்கும்போது பேட்டரி அறையில பச்சையா துரு இருக்கான்னு திறந்து பாருங்க. காயில் வயரை ஆட்டிப் பாருங்க, அப்போ தானா கத்தினா வேண்டாம். ஒரு அஞ்சு ரூபாய் காசை அரை அடி ஆழத்துல புதைச்சு, விக்கிறவர் முன்னாடியே ஓட்டிப் பாருங்க. "அதெல்லாம் வேண்டாம் சார், நல்லா வேலை செய்யும்"னு அவர் சொன்னா கிளம்பிடுங்க.