தளர்ந்த போல்ட்டும் தளர்த்தப்பட்ட சட்டமும்

2024 ஆகஸ்ட் 21 அன்று, ஆந்திரப் பிரதேசத்தின் அனகாபள்ளி மாவட்டம் அச்சுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இயங்கிய மருந்து ஆலையொன்றில் நிகழ்ந்த வெடிப்பு 17 தொழிலாளர்களைப் பலிகொண்டது. கசிந்த கரைப்பானின் ஆவி மின்சாதனங்கள் இருந்த இடத்தில் தீப்பற்றியது என்பதே அதிகாரிகள் அளித்த முதற்கட்ட விளக்கம். ஓராண்டு முடியுமுன், 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் நிகழ்ந்த ஆலை வெடிப்பில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். இரண்டு முறையும் ஆட்சியாளர்கள் இரங்கல் தெரிவித்தனர், இழப்பீடு அறிவித்தனர், குழு அமைத்தனர்.

எரியும் ஆவி சூழக்கூடிய இடத்தில் மின்பொறி கொலைக்கருவியாகும் என்பது புதிய செய்தியல்ல. 1958இல் சினாகுரி, 1965இல் தோரி நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பறிகொடுத்த நாடு இது. ஆபத்தான பகுதிகளை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மின்சாதனத்தை மட்டுமே பொருத்த வேண்டும் என்ற விதிகள் நம்மிடம் உண்டு. 'ஃபிளேம்புரூஃப்' பெட்டிகளும் மோட்டார்களும் அவ்விதிகளின்படி வருபவையே.

ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் வாயு நுழையவே நுழையாது என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. வாயு நுழையும், உள்ளே பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பின் அழுத்தத்தைப் பெட்டி தாங்க வேண்டும். மூடியும் உடலும் சேரும் ஃபிளேஞ்சின் நுண்ணிய இடைவெளி வழியே வெளியேறும் பிழம்பு, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்க இயலாத அளவுக்குக் குளிர்ந்துவிட வேண்டும். பாதுகாப்பு முழுவதும் மில்லிமீட்டரின் சிறு பகுதியே உள்ள அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எனவே எட்டு போல்ட் இருக்க வேண்டிய மூடியில் ஐந்து மட்டும் இருந்தால் அது ஃபிளேம்புரூஃப் பெட்டி அல்ல. ஃபிளேஞ்சின் முகம் கீறப்பட்டாலோ, துருப்பிடித்தாலோ, அதன்மீது பெயின்ட் பூசப்பட்டாலோ அல்ல. சான்றளிக்கப்பட்ட கிளாண்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்ததைப் பொருத்தினால் அல்ல. பயன்படாத கேபிள் துளையை உரிய உலோக அடைப்பானால் மூடாமல் துணியாலும் எம்-சீலாலும் அடைத்தால் அல்ல. ஹைட்ரஜன் புழங்கும் இடத்தில் வேறு வாயுப் பிரிவுக்கான பெட்டியை வைத்தால், அது எத்தனை புதிதாக இருப்பினும் பயனற்றது. மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறப்பவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இங்கேதான் முதலாளித்துவத்தின் வாதம் தொடங்குகிறது. "எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது; எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவே காரணம்" என்கிறது நிர்வாகம். பெட்டி அதைத் தயாரித்த ஆலையை விட்டு வெளிவந்தபோது இருந்த நிலைக்கே அச்சான்றிதழ் உத்தரவாதம். ஆறாவது போல்ட் எங்கே என்று அது சொல்லாது. அதைச் சொல்லக் கூடியவர் பராமரிப்புத் தொழிலாளி மட்டுமே. அவரோ ஒப்பந்ததாரரின் ஆள். மண்டல வரைபடத்தை அவருக்குக் காட்டியவர் இல்லை. உரிய பயிற்சி தந்தவர் இல்லை. உற்பத்தியை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. "நிறுத்தாமல் முடி" என்று மேற்பார்வையாளர் கூறும்போது மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. நேரத்தையும் உரிமையையும் பறித்துக்கொண்டு கவனத்தை மட்டும் கேட்பது கயமை.

இந்நிலையில் ஒன்றிய பாஜக அரசு செய்தது என்ன? போபால் படுகொலைக்குப் பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான செயல்முறை கொண்ட ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், அக்குழு அரசு ஆணையிட்டால் மட்டுமே அமையும். ஆய்வாளர் 'ஆய்வாளர் மற்றும் உதவியாளர்' ஆகிவிட்டார். மின்விசையுடன் இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு 10 தொழிலாளரிலிருந்து 20ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்புக்கான வரம்பு 20லிருந்து 50ஆகவும் உயர்ந்துள்ளன. 'இன்ஸ்பெக்டர் ராஜ்' ஒழிந்ததாம்! லஞ்சம் வாங்கும் ஆய்வாளரைத் தண்டிக்கலாம். ஆய்வையே ஒழிப்பது யாருக்கான சீர்திருத்தம்? கணினித் திரையில் நிரப்பப்படும் படிவம் ஃபிளேஞ்ச் இடைவெளியை அளந்து பார்க்காது.

தோழர்களே, இதனைப் பொறியாளர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. ரசாயன, மருந்து, பெட்ரோலிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பணியாற்றும் நம் தோழர்கள் கூலி உயர்வுக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தை இதற்கும் தர வேண்டும். மண்டல வரைபடத்தைத் தொழிலாளரின் மொழியில் ஆலைக்குள் வைக்கக் கோருவோம். அபாயப் பகுதியின் மின்பராமரிப்பில் பயிற்சி பெற்ற நிரந்தரத் தொழிலாளரை மட்டுமே அமர்த்தக் கோருவோம். வாயுச் சோதனையும் மின்துண்டிப்பும் உறுதியாகாமல் எந்தப் பெட்டியையும் திறக்க மாட்டோம் என்ற உரிமையை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வென்றெடுப்போம். பாதுகாப்புக் குழு ஒவ்வோர் அபாய ஆலையிலும் கட்டாயம் என்பதை மீட்கும்வரை சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான போராட்டம் ஓயலாகாது.

விடுபட்ட போல்ட்டைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். அச்சுதாபுரத்திலும் பாசமைலாரத்திலும் மாண்ட நம் வர்க்கச் சகோதரர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.