குதர்க்கம் பேசுகிறவர்

ஊர்ப் பொதுக் காரியங்களுக்கென்று ஏற்படுகிற எந்தச் சபையிலும், அது கோயில் திருப்பணிக் கமிட்டியானாலும், கூட்டுறவுப் பண்டகசாலையானாலும், நாலு தெருக்காரர்கள் கூடி நடத்தும் வாசகசாலையானாலும், ஒருவர் தவறாமல் இருக்கிறார். தலைவர் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்து, 'எல்லோருக்கும் சம்மதந்தானே?' என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிற சமயம் பார்த்து, பின்வரிசையிலிருந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் எழுந்திருப்பார். அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாததாக இருக்கும்; பாதி வேளை தப்பாகவும் இருக்கும். காப்பி ஆறிப்போகிறதே என்ற விசாரத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள், 'ஆரம்பித்துவிட்டார் ஐயா!' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இத்தகைய மனிதரால் சபைக்கு உண்டாகும் நன்மை இன்னதென்று, அதிலும் அவர் சொல்வது தப்பாக இருக்கும்போதே உண்டாகும் நன்மை இன்னதென்று, பரீட்சை செய்து எண்ணிக் காட்டிய ஒரு மனோதத்துவப் பேராசிரியரைப் பற்றி இந்த வாரம் எழுதலாமென்று தோன்றுகிறது.

ஸாலமன் ஆஷ் என்பது அவர் பெயர். 1907-இல் வார்ஸா நகரத்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1920-இல் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய பிள்ளைப் பிராயத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்வார்கள். பஸ்காப் பண்டிகை இரவில், யாரும் உட்காராத இடத்தில் ஒரு கிண்ணம் நிறையத் திராட்சை ரசம் வைக்கப்பட்டிருந்ததாம். அது எலியா தீர்க்கதரிசிக்காக என்றும், அவர் வந்து ஒரு வாய் அருந்திப் போவார் என்றும் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, அந்தக் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, ரசத்தின் மட்டம் கொஞ்சம் இறங்கினது போலவே தோன்றிவிட்டதாம். வீடு முழுவதும் நம்புகிற ஒன்றைக் குழந்தையின் கண் மட்டும் மறுத்துவிடுமா?

அந்தச் சிறுவன் வளர்ந்து ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஆசிரியரான பின், 1950-களின் முற்பகுதியில் செய்த சோதனை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வெகு சாதாரணமாகத் தெரியக்கூடியது. ஏழெட்டு மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஓர் அட்டையில் ஒற்றைக் கோட்டையும், இன்னோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகளையும் காட்டி, மூன்றில் எது அந்த ஒற்றைக் கோட்டுக்குச் சமம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனியாக உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நூற்றில் ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒருவரைத் தவிர மற்ற அத்தனை பேரும் பேராசிரியருக்கு உடந்தை. பதினெட்டு தடவை அட்டை காட்டினால் பன்னிரண்டு தடவை அவர்கள் எல்லோரும் கூசாமல் ஒரே தப்பான விடையைச் சொல்ல வேண்டுமென்று ஏற்பாடு. சூதறியாத அந்த ஒருவருடைய முறையோ ஏறக்குறைய வரிசையின் கடைசியில்தான் வரும்.

மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த 123 பேரை இப்படி உட்காரவைத்துப் பார்த்ததில், தப்பான விடை சொல்லப்பட்ட தடவைகளில் நூற்றுக்கு 36.8 பங்கு அவர்கள் கூட்டத்தோடு போனார்கள். 'பார்த்தீர்களா, மனிதன் ஆட்டு மந்தை!' என்று இந்த எண்ணைக் காட்டி எழுதாத பாடப் புத்தகம் அபூர்வம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. மிச்சமுள்ள 63 பங்கு என்னவாயிற்று? தம்மைச் சுற்றிலும் உள்ள அத்தனை பேரும் ஒரே குரலில் வேறொன்று சொல்லும்போது, வியர்த்துக்கொண்டும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டும், கண் கண்டதையே சொன்ன தடவைகள்தானே அதிகம்? நாலில் ஒரு பங்குப் பேர் கடைசிவரை ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆஷ் இந்தப் பக்கத்தையும் வற்புறுத்தித்தான் எழுதினார். படித்தவர்கள்தான் அதை விட்டுவிட்டார்கள். பிற்பாடு, 1980-இல், இங்கிலாந்தில் பொறியியலும் கணிதமும் ரசாயனமும் படித்த மாணவர்களை வைத்து இதையே திரும்பச் செய்தபோது, 396 தடவையில் ஒரே ஒரு தடவைதான் கூட்டம் ஜயித்தது. ஆகவே இது மனித சுபாவத்தின் மாற்ற முடியாத விதி என்று சொல்வதற்கில்லை. காலமும் இடமும் படிப்பும் அதில் கலந்திருக்கின்றன.

இணங்கிப் போனவர்கள் பிற்பாடு கூறிய காரணங்களும் கவனிக்கத்தக்கவை. சிலர், 'இத்தனை பேர் சொல்கிறார்களே, என் கண்ணில்தான் ஏதோ கோளாறு' என்று மெய்யாகவே நினைத்தார்கள். சிலர், 'நான் ஒருவன் மாற்றிச் சொல்லி உங்கள் பரீட்சையைக் கெடுப்பானேன்?' என்று மரியாதைக்காகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது ரகத்தார் நம்முடைய சபைகளிலும் ஏராளம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கூட்டத்தின் பலம் தலை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். ஆஷ் எண்ணிப் பார்த்தார். எதிரே ஒருவர் மட்டும் தப்பாகச் சொன்னால் யாரும் லட்சியம் செய்வதில்லை; இரண்டு பேரானால் தவறு நூற்றுக்கு 13.6 ஆகிறது; மூன்று பேரானால் 31.8. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்த வரிசையில் சரியான விடையைச் சொல்ல ஒரே ஓர் ஆளை வைத்துவிட்டால், தவறுகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகின்றன. ஆக, ஒரு மனிதனை மிரட்டுவது எண்ணிக்கையைக் காட்டிலும் பிளவில்லாத ஏகோபித்த குரல்தான். ஓர் இடத்தில் விரிசல் கண்டால் போதும், முழு மதிலும் உதிர்ந்துவிடுகிறது.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. கூட்டம் சொல்வதைக் காட்டிலும் மோசமான தப்பை ஒருவர் அடித்துச் சொல்லும்படி ஆஷ் ஏற்பாடு செய்து பார்த்தார். அந்த மனிதரால் சரியான விடைக்கு எள்ளளவும் ஆதரவில்லை. அப்படியும், பரீட்சைக்கு உட்பட்டவர்களின் தவறு நூற்றுக்கு 9-ஆக இறங்கிற்று! கூட்டத்துக்கு மாறாக ஒருவன் பேசலாம், பேசினால் கூரை இடிந்து விழுந்துவிடாது என்று கண்ணெதிரே கண்ட மாத்திரத்தில், அடுத்தவருக்குத் தம் கண்ணை நம்பும் தைரியம் வந்துவிடுகிறது. பின்வரிசைக்காரர் கேட்பது அசட்டுக் கேள்வியாகவே இருக்கட்டும். அதைக் கேட்ட பிறகுதான், ஜன்னலோரம் அதுவரை வாய் திறவாமல் இருந்த ரிடையர்டு தாசில்தார், 'அது கிடக்கட்டும், சுண்ணாம்புச் செலவு இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறதே?' என்று மெதுவாக ஆரம்பிப்பார்.

துணை நின்றவர் நடுவில் கட்சி மாறினால் என்ன ஆகும் என்பதையும் அவர் பார்க்காமல் விடவில்லை. முதல் ஆறு தடவை சரியாகச் சொல்லிவந்தவர் திடீரென்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, தனியாக விடப்பட்டவரின் தவறுகள் சட்டென்று ஏறிவிட்டன. அவரே வேறு வேலை இருப்பதாகச் சொல்லி அறையை விட்டு எழுந்து போனபோதோ அவ்வளவு சேதம் நேரவில்லை. அவர் கொடுத்த தெம்பு அவர் போன பிறகும் கொஞ்சம் நின்றது. அரசியல் மேடைகளைக் கவனித்து வருகிறவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சபை ஆளை வளைப்பது இப்படியென்றால், ஆள் சபையை வளைப்பதும் உண்டு. ஸெர்ஜ் மாஸ்கோவிஸி என்ற பிரெஞ்சுப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு பேரில் இரண்டு பேர் மட்டும் நீல நிறப் படங்களைப் பச்சை என்று சொன்னார்கள். விடாமல் எல்லாப் படங்களையும் பச்சை என்றே சாதித்தபோது, மற்றவர்களுடைய விடைகளிலும் நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல் பச்சையாயின. அந்த இருவரே சில தடவை நீலம், சில தடவை பச்சை என்று மாற்றிப் பேசியபோது, அது ஒன்றேகாலுக்கு இறங்கிவிட்டது. பெரிய வெற்றியென்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் சிறுபான்மையாருக்கு உள்ள ஒரே மூலதனம் ஒரே பேச்சில் நிற்பது என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் குதர்க்கவாதிகளில் பலர் தோற்பது இங்கேதான். போன மாதம் கண்டித்ததை இந்த மாதம் ஆதரித்தால் யார் அவரைக் காது கொடுத்துக் கேட்பார்கள்?

சபைகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யூதர்களின் பழைய நீதி சபையில், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் இளையவர்களை முதலில் அபிப்பிராயம் சொல்லச் செய்வது சம்பிரதாயம். மூத்தவர் வாய் திறந்த பிறகு இளையவர் மறுத்துப் பேசமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆஷின் சோதனையிலும், வாய்விட்டுச் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவிட்டபோது, கூட்டத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்துபோயிற்று. இரண்டுமே காசு செலவில்லாத காரியங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் முக்கியமான தீர்மானம் எதுவானாலும், கை தூக்கச் சொல்லுமுன் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். வயதில் சிறியவரை முதலில் பேசவிடுங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும்.